ஒரு கையால் தூக்கிய தொட்டி

சின்னவளுக்குக் கைராசி இல்லை என்பது அந்தக் குடும்பத்தில் தீர்ப்பு எழுதி முடித்த வழக்கு. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அவள் நட்ட ரோஜாப் பதியன் பட்டுப்போனது. மறுவருஷம் புதினா. அதற்கடுத்த வருஷம், யார் வீட்டிலும் எந்தப் பாட்டிலிலும் சாகாத மணி பிளாண்ட் கூட அவள் ஜன்னலில் மஞ்சளடித்துச் செத்தது. "நீ தொட்டா பிளாஸ்டிக் பூவும் வாடிடும்" என்று ஓரகத்தி சொன்னதைக் கேட்டு அன்று வீடே சிரித்தது. சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஓரகத்தி என்றால் கணவனின் அண்ணன் மனைவி. வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். பெரியவள் குடும்பம் மாடியில், சின்னவள் குடும்பம் கீழே. மாடிக்கும் மேலே மொட்டைமாடி. அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்று பத்திரத்தில் இருந்தாலும், அதன் சாவி பெரியவளின் கைப்பையில் இருந்தது. நாற்பது தொட்டிகள் வைத்திருந்தாள். நாற்பதும் செழித்து நின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கீழ்வீடு இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வீடு. வெயில் அங்கே பதினோரு மணிக்கு ஒரு விருந்தாளியைப் போல எட்டிப் பார்க்கும், பதினொன்றரைக்குக் கிளம்பிவிடும். அந்த அரைமணி வெயிலில் கைராசி என்ன செய்யும், கால்ராசி என்ன செய்யும்? இதைச் சின்னவள் ஒருமுறை எடுத்துச் சொல்லி, மொட்டைமாடியில் ஒரு மூலை கேட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பெரியவள் பழமொழியால் கதவைச் சாத்தினாள். சாவி கைப்பைக்குள்ளேயே இருந்தது.

அந்த நாற்பதோடு சேராத நாற்பத்தோராவது தொட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு குட்டை ஊசியிலை மரம். பதினோரு வயது, முழங்கால் உயரம், கூம்பு வடிவம். மழையோ பனியோ வெயிலோ, வருஷம் முழுக்க அதே பச்சைக் கோட்டைக் கழற்றாமல் நிமிர்ந்து நிற்பதால் பெரியவள் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். மற்ற தொட்டிகளுக்குத் தானாகத் திறந்து மூடும் சொட்டுக்குழாய் போட்டிருந்தாள். துரைக்கு மட்டும் தன் கையாலேயே ஊற்றுவாள். பெற்ற மகளைக் கூட அப்படி வளர்க்கவில்லை என்று அவள் புருஷன் சொல்வார்.

அந்த மகள்தான் இப்போது வாயும் வயிறுமாக வேறு ஊரில் இருந்தாள். குளிர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம், பிரசவம் பார்க்கப் பெரியவளும் புருஷனும் ஆறு வாரத்துக்குக் கிளம்பினார்கள். மூன்று வாரமாகத் துணி தைப்பதும், மூட்டை கட்டுவதும், கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டுவதுமாக மாடி அமர்க்களப்பட்டது.

கிளம்பும் அன்று காலையில் பெரியவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, மறு கையால் துரையை அலாக்காகத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். காலை வெயில் விழும் படித்திருப்பத்தில் தட்டோடு வைத்தாள். நேரே கொழுந்தனைப் பார்த்துப் பேசினாள். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். கீழே தட்டில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் போதும், துரை குடித்துவிட்டான் என்று அர்த்தம்.

"உன்கிட்டதான் குடுத்துட்டுப் போறேன், உன் பொண்டாட்டிகிட்ட இல்ல" என்றாள்.

கொழுந்தன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். வாரத்தில் நான்கு நாள் வண்டியிலேயே தூங்குவான். "எனக்கு வண்டி ரேடியேட்டருக்கு ஊத்தவே நேரமில்ல அண்ணி" என்று நழுவினான்.

சின்னவளுக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, முன்னால் வந்து நின்றாள். "நான் பாத்துக்குறேன் அக்கா. நீங்க திரும்பி வரும்போது இது உயிரோட இருந்தா மொட்டைமாடியில பாதி எனக்கு."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலில் கார் ஹாரன் அடித்தது. வேறு வழியும் இல்லை. "பாதி என்ன, இது உயிரோட இருந்தா சாவியே தர்றேன்" என்று சிரித்துவிட்டு ஏறினாள். புருஷன், கொழுந்தன், கார் டிரைவர் என்று மூன்று சாட்சி.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழுக்குச் சின்னவள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி முடிப்பதற்குள் தட்டில் தண்ணீர் வந்து நிற்கும். ஏழேகாலுக்குப் பெரியவள் வீடியோவில் வருவாள். குசலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. முதலில் தட்டைக் காட்டச் சொல்வாள், அப்புறம் துரையைச் சுற்றிக் காட்டச் சொல்வாள், அப்புறம் துண்டித்துவிடுவாள். ஒன்றைக் குறை சொல்லக் கூடாது: டம்ளர் ஒரு சொட்டுக் குறையவில்லை, நேரம் ஒரு நிமிஷம் தப்பவில்லை. இப்படி ஒரு கவனிப்பு அவள் புருஷனுக்கே கிடைத்ததில்லை என்று அவனே சொன்னான்.

பத்தாம் நாள் சின்னவள் துரையைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். துரையின் பச்சை, பச்சையாக இல்லை. பழுக்கவும் இல்லை, வாடவும் இல்லை. பழைய சட்டையைப் போல லேசாக வெளுத்திருந்தது. விரலால் தடவினால் உள்பக்கத்து ஊசிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ரோஜாவாக இருந்தால் தலையைத் தொங்கப்போட்டு ஊரைக் கூட்டியிருக்கும். இது வாயைத் திறக்காத ஜாதி. செத்த பிறகும் நாலு வாரம் பச்சையாகவே நின்று ஏமாற்றும் என்று பெரியவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சின்னவள் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் பார்த்துவிட்டு, தாகமாக இருக்கும், இரண்டு டம்ளராக ஊற்று என்றான். ஊற்றினாள். தட்டில் இரண்டு டம்ளரும் வந்து நின்றது.

சின்னவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். இயந்திரத்துக்கு இவ்வளவு கிலோதான் என்று கணக்கு. தராசு இருந்தாலும் யாரும் அதில் வைப்பதில்லை, சின்னவளிடம்தான் நீட்டுவார்கள். ஒரு மூட்டையைத் தூக்கினால் எத்தனை கிலோ என்பாள்; உலர்த்தியிலிருந்து வந்த விரிப்பைக் கையில் ஏந்தினால் ஈரம் பாக்கி இருக்கிறதா இல்லையா என்பாள். பதினாறு வருஷத்தில் அவள் கை பிசகியது இரண்டு தடவைதான். இரண்டும் காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாட்கள்.

பன்னிரண்டாம் நாள் மூன்றாம் நம்பர் இயந்திரத்தைத் திறந்து துணியை இழுத்தாள். யாரோ அவசரத்தில், கட்டை அவிழ்க்காமலே ஒரு மூட்டையை உள்ளே போட்டிருந்தார்கள். வெளியே சொட்டச் சொட்ட ஈரம். ஆனால் தூக்கியபோது கை ஏமாந்தது. இந்த அளவு மூட்டைக்கு இது கனமே இல்லை. முடிச்சை அவிழ்த்தாள். நடுவிலிருந்த விரிப்பு மடிப்புக் கலையாமல், பெட்டியிலிருந்து எடுத்ததைப் போல உலர்ந்து கிடந்தது. இயந்திரம் நாற்பது நிமிஷம் சுற்றியிருக்கிறது, அத்தனை தண்ணீரும் மூட்டையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

சின்னவள் அந்த உலர்ந்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்குத் தட்டு ஞாபகம் வந்தது. ஊற்றி முடிப்பதற்குள் தட்டுக்கு வந்துவிடும் தண்ணீர். குடிக்கிறவன் என்றால் இவ்வளவு சீக்கிரம் குடித்து முடிப்பானா? அப்புறம் இன்னொன்று ஞாபகம் வந்தது: தோளில் பையோடு, ஒரே கையால், அலாக்காகத் தூக்கிக்கொண்டு இறங்கிய பெரியவள்.

அன்று அரைமணி முன்னதாக அனுமதி கேட்டு வீட்டுக்கு ஓடினாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் படித்திருப்பத்தில் குனிந்து தொட்டியைத் தூக்கினாள். பெரிய வாளி அளவு தொட்டி. உள்ளே இருப்பது நர்சரியில் கொடுக்கும் லேசான தேங்காய் நார்மண்தான் என்றாலும், ஈரமாக இருந்தால் பத்து கிலோவுக்குக் குறையாது. நாலரை இருந்தது. இரண்டு நாளாக இரட்டை டம்ளர் ஊற்றியும் நாலரை.

உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி மண்ணில் ஓரமாகக் குத்தினாள், ஈரம். நடுவில், தண்டுக்குப் பக்கத்தில் குத்தினாள்; கம்பி தூசியோடு வெளியே வந்தது. நார்மண் ஒருதடவை அடியோடு காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது, சுருங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். சுருங்கிய மண்ணுக்கும் தொட்டிக்கும் நடுவில் விரல் நுழையாத ஒரு சந்து. பன்னிரண்டு நாள் டம்ளரும் அந்தச் சந்து வழியாகத்தான் தட்டுக்கு இறங்கியிருக்கிறது. விழலுக்கு இறைத்த நீர் என்பார்களே, விழலாவது குடித்திருக்கும்.

கட்டை அவிழ்க்காத மூட்டைக்குச் சலவைக்கூடத்தில் ஒரே வைத்தியம்தான், ஊறப்போடுவது. துரையின் கட்டை அவிழ்க்க முடியாது, வேர் அறுந்துவிடும். சின்னவள் துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அப்படியே உள்ளே இறக்கினாள். தொட்டி மிதந்தது. மரத்தோடு மண்ணோடு தக்கையைப் போல மிதந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டு டப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மண்ணின் நடுவிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு இரண்டு. பிறகு உலை கொதிப்பது போலக் குமிழிகள் கிளம்பின. பன்னிரண்டு நாள் தாகம் கடகடவென்று குடிக்கும் சத்தம் என்றே சின்னவளுக்குத் தோன்றியது. குடி, குடி என்று வாய்விட்டுச் சொன்னாள். முக்கால் மணிநேரம் கழித்துக் குமிழி நின்றபோது கை மரத்துவிட்டது, சேலை நனைந்துவிட்டது, தொட்டி தானாகவே அடியில் உட்கார்ந்துவிட்டது. தூக்கி வடியவிட்டாள். பத்தரை கிலோ. பாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவ்வளவு சந்தோஷமான இடுப்புவலி அவளுக்கு வந்ததே இல்லை.

ஆனால் மறுநாள் ஏழேகால் வரத்தான் செய்தது. தட்டு காய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் பெரியவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஏன் ஊற்றவில்லை என்றாள். நடுவில் காய்ந்துபோயிருந்தது, முழுக்க ஊறவைத்திருக்கிறேன், இனி தொட்டியின் கனம் ஏறக்குறைய பாதியாக இறங்கினால்தான் தண்ணீர், அதற்கு முன் ஊற்றினால் வேர் அழுகிவிடும் என்று சின்னவள் விளக்கினாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. தட்டில் தண்ணீர் வந்ததைத் தினமும் தன் கண்ணாலேயே பார்த்தேனே, எப்படிக் காயும் என்று கேட்டாள் பெரியவள். இப்போதே, தன் கண் முன்னால், ஒரு டம்ளர் ஊற்றச் சொன்னாள்.

"ஊத்த மாட்டேன் அக்கா."

அந்த வீட்டில் பெரியவளிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, அவள் புருஷன் உட்பட.

"சரி. உன் இஷ்டம்" என்றாள் பெரியவள், குரலை உயர்த்தாமல். "ஆனா அது செத்துச்சுன்னா, மொட்டைமாடியை விடு, இந்த வீட்டுல இனி நீ ஒரு செடியைத் தொடக்கூடாது."

நீங்கள் கொடுக்கும்போதே அது காய்ந்துபோய்த்தான் இருந்தது என்று சொல்ல வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. அப்போது பெரியவளின் பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது. மகளை அன்று காலைதான் சேர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் நிற்கிறவளிடம் அதைச் சொல்வது நியாயமாகப் படவில்லை. சின்னவள் வார்த்தையை விழுங்கினாள். சுலபமாக இறங்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவள் தூங்கியது கோழித்தூக்கம்தான். தினமும் காலையில் எழுந்ததும் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பாள். பத்து. ஒன்பது. எட்டேகால். ஆறுக்கு இறங்கிய நாளில் மட்டும் மெல்ல, மண் முழுக்க நனையும்படி, சுற்றிச் சுற்றி ஊற்றுவாள். தட்டுக்கு வந்ததை உடனே கொட்டிவிடுவாள். பெரியவளுக்குப் பேத்தி பிறந்தாள். அதன் பிறகு வீடியோ அழைப்பு குறைந்தது. வந்தாலும் துரையைப் பற்றிப் பேச்சில்லை. கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

நாலாம் வாரம் துரையின் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊசிகள் செம்பழுப்பாகி உதிர்ந்து, குச்சிகள் தெரிந்தன. சின்னவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அந்தப் பக்கம், அப்புறம் எல்லாப் பக்கமும் என்று மனம் கணக்குப் போட்டது. தன் கைக்கு உண்மையிலேயே ஏதோ தோஷம்தானோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த நிமிஷத்துக்காகப் பின்னால் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. வேனிலிருந்து இறங்கி வந்த புருஷன் பார்த்தான். அவன் ரொம்ப நல்லவன். பிரச்சினை எதுவானாலும் அதைத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைக்கிறவன். தொட்டியைச் சுற்றி மொட்டைப் பக்கத்தைச் சுவரோரமாக வைத்தான். "இப்ப பாரு. ஒண்ணுமே தெரியல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு அவன் உள்ளே போனான். சின்னவள் எழுந்து, தொட்டியை மறுபடி முன்பக்கமாகவே திருப்பிவைத்தாள். வெயில் படவேண்டியது அந்தப் பக்கத்துக்குத்தான்.

ஐந்தாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தொட்டியைத் தூக்கி இறக்கியவளின் விரலில் ஏதோ ஒட்டியது. கடுகளவு பழுப்புத் தொப்பி. கீழே தட்டிலும் அதேபோல நாலைந்து. ஐயோ இதுவும் கொட்டுகிறதே என்று குனிந்து பார்த்தாள். கிளை நுனியில், தொப்பி விழுந்த இடத்தில், இளம்பச்சைக் குஞ்சம் ஒன்று பிதுங்கிக்கொண்டு நின்றது. தொட்டால் பூனைக்குட்டி காதைப் போல அவ்வளவு மெத்து. பக்கத்து நுனியிலும் ஒன்று. எண்ணத் தொடங்கினாள். நாற்பதைத் தாண்டியதும் கண் மறைத்தது, எண்ண முடியவில்லை. அன்று சலவைக்கூடத்துக்குக் கால்மணி தாமதம். ஏன் என்று மேற்பார்வையாளர் கேட்டதற்கு, தொப்பி விழுந்துவிட்டது சார் என்றாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு வாரம் முடிந்து பெரியவள் வந்து இறங்கினாள். பெட்டியைக் கூட உள்ளே எடுத்து வைக்கவில்லை, நேரே படித்திருப்பம். முன்னால் இருந்த மொட்டைப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"போச்சு அக்கா. அந்த இடம் மட்டும் போச்சு. மிச்சத்தைப் பாருங்க."

பெரியவள் பார்த்தாள். கறுத்த பச்சைக் கோட்டு முழுக்க இளம்பச்சைக் குஞ்சம் தொங்கவிட்டுக்கொண்டு, துரை மாப்பிள்ளை மாதிரி நின்றான். மொட்டை விழுந்த இடத்தின் ஓரத்திலும் இரண்டு குஞ்சம் எட்டிப் பார்த்தது. செடி தெரிந்தவள், பார்த்ததுமே முகம் மாறியது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தட்டைத்தான் பார்த்தாள். தட்டு காய்ந்து கிடந்தது. தண்ணீரே ஊற்றாமல் என்னத்தை வளர்த்தாய் என்று முணுமுணுத்தாள்.

"தூக்கிப் பாருங்க அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டு, பழக்கதோஷத்தில் ஒரு கையை நீட்டி விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். தொட்டி அசையவில்லை. பிடியை மாற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். அசையவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். முழங்கால் உயரம் வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் கையும் செடி தூக்கிப் பழகிய கைதான். தொட்டியை மெதுவாக இறக்கிவைத்தாள்.

"அன்னிக்கு நான் இதை ஒரு கையால தூக்கிட்டு வந்தேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "மூணு வாரமா மூட்டை கட்டுற அவசரத்துல மேலால தெளிச்சதோட சரி. நான்தான் கொன்னு குடுத்திருக்கேன்."

கீழே வைத்த தோள்பையைச் சின்னவள் எடுத்து நீட்டினாள்.

"உனக்கு அப்பவே தெரியும். ஏன் போன்ல சொல்லல?"

"உங்க பொண்ணு கட்டில்ல இருந்தா. அந்த நேரத்துல எப்படிக்கா சொல்றது?"

பெரியவள் மன்னிப்புக் கேட்கும் ரகமில்லை, அன்றும் கேட்கவில்லை. தோள்பையைத் திறந்து, குழந்தைத் துணிக்கும் மருந்துச் சீட்டுக்கும் அடியில் துழாவி, மொட்டைமாடிச் சாவியை எடுத்துச் சின்னவள் உள்ளங்கையில் வைத்தாள். பாதிதானே கேட்டேன் என்றாள் சின்னவள். சாவியைப் பாதியாக வெட்டவா முடியும் என்று பெரியவள் அதட்டினாள். அதட்டல் பழைய அதட்டல்தான், ஆனால் மூக்கு சிவந்திருந்தது. "திற போ. மேல நாப்பது கிடக்கு. அதுல எதெது இப்படிக் காய்ஞ்சு கிடக்குன்னு நீ தூக்கிப் பாத்துச் சொல்லு."

சின்னவள் தன் கையாலேயே பூட்டைத் திறந்தாள். சாயங்கால வெயில் தரை முழுக்கத் தாராளமாகக் கிடந்தது. அவள் வரிசையாக ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கினாள். இது போதும். இது நாளைக்கு. இந்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. இது தாகத்தில் சாகிறது, உடனே ஊற்றுங்கள். அவள் தூக்கித் தூக்கிச் சொல்ல, பின்னாலேயே தண்ணீர்ப் பூவாளியோடு ஓடி ஓடி ஊற்றியவள் பெரியவள். கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்த கொழுந்தன் அண்ணாந்து பார்த்து, பூவாளி யார் கையில் இருக்கிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

இருபத்தேழாவது தொட்டியில் சின்னவள் நிறுத்தினாள். மேற்கு மூலையில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், இரண்டு தொட்டிகளை நகர்த்தி ஓர் இடம் காலிசெய்தாள்.

"இங்க என்ன வைக்கப்போற?" என்றாள் பெரியவள்.

"ரோஜா" என்றாள் சின்னவள்.